இசைத்தட்டில் அடங்காத குரல்

மன்னனைப் பாட மறுத்துக் காஞ்சியைவிட்டு நீங்கிய கணிகண்ணனும் திருமழிசையாழ்வாரும் ஓரிரவு தங்கிய இடமே ஓரிக்கை ஆயிற்று என்பது வழிவழிச் செய்தி. அதனை அடுத்த காஞ்சிபுரத்தில் வாழ்ந்தவர் இசைப்பேரறிஞர் நயினாப் பிள்ளை (1889-1934). அன்னையின் உடன்பிறந்தவரான தனக்கோடியம்மாள் புகழ்பெற்ற பாடகியார். அவரது குரல் இசைத்தட்டுகளில் பதிவானது.

நயினாப் பிள்ளையோ இசைத்தட்டிற்குப் பாட இசையவில்லை. அக்காலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஒலிக்கும். விற்பனையை நாடிய நிறுவனங்கள் அவ்வளவிற்குள் முடியும் பாடல்களையே வேண்டின. ஆலாபனை சுருங்கியது, பல்லவி இடமிழந்தது. மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் எனப் பக்கவாத்தியங்கள் சூழ, அரிய தாளங்களில் பல்லவி விரித்த அவரது முழுக்கச்சேரி அதில் எவ்வாறு அடங்கும்?

மறுப்பின் விலை சிறிதன்று. அவர் குரலை இன்று கேட்க வழியில்லை. பாடம் மட்டும் பிருந்தா முதலிய மாணவர் வழியே நிலைத்தது. மற்றொரு மாணவரான சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையோ இசைத்தட்டிற்குப் பாடினார். அவர் பதித்த ‘மதுரா நகரிலோ’ பெரும்புகழ் பெற்றது.