குமரிமுனையில் நிறைவெய்திய யாத்திரை
(சுவாமி விவேகானந்தரின் வாழ்க்கைச் சுருக்கம்)

எமது ஆலயங்களில் மகோற்சவம் கொடியேற்றத்துடன் ஆரம்பமாகி, தேர், தீர்த்தம் என்று நிறைவெய்துகின்றது. கடலோரத்துக் கோயில்களில் சுவாமி கடலுக்கு எழுந்தருளித் தீர்த்தமாடுகின்றார். வல்லிபுர ஆழ்வாரின் சமுத்திர தீர்த்தத்தைக் கண்டவர்களுக்கு அந்தக் காட்சி மறவாது. ஆனால் தீர்த்தமாடிய சுவாமி கடற்கரையிலே தங்கிவிடுவதில்லை. நனைந்த அடியார்கள் சூழ மீண்டும் ஊருக்குள் எழுந்தருளி, வீதியில் நிற்கும் நோயாளிக்கும் முதியவருக்கும் குழந்தைக்கும் அருள்பாலித்த பின்னரே இருப்பிடம் சேருகின்றார்.

யாத்திரைக்கும் இதுவே பொருத்தமாகும். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கிழக்குக் கரையோரமாக நடந்து செல்லும் அடியார்கள் எம்மிடையே உள்ளனர். நடந்து முடித்த பின் என்ன செய்வது என்னும் கேள்வி அவர்கள் எல்லோருக்கும் உண்டு. இக்கேள்வியைத் தம் வாழ்நாள் முழுவதற்குமான கேள்வியாக எடுத்துக்கொண்டு, பாரத நாட்டின் தென்கோடிக் கடலிலே அதற்கு விடை கண்டவர் சுவாமி விவேகானந்தர் ஆவார்.

பிறப்பும் குருவருளும்

சுவாமிகள் 1863ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12ஆம் திகதி கல்கத்தா நகரிலே அவதரித்தார். தந்தையார் விசுவநாத தத்தர் வழக்கறிஞர். தாயார் புவனேஸ்வரி தேவியார் சிவபக்தி மிக்கவர். நரேந்திரநாதர் என்பது பெற்றோர் இட்ட பெயர். கல்வி, சங்கீதம், உடற்பயிற்சி எல்லாவற்றிலும் முன்நின்ற அந்த இளைஞர், கடவுள் உண்டு என்று சொல்லும் எவரிடத்தும் அவரை நேரிலே கண்டதுண்டா என்று கேட்டு வந்தார். 1881ஆம் ஆண்டிலே தட்சிணேஸ்வரம் காளி கோயிலில் வாழ்ந்த இராமகிருஷ்ண பரமஹம்சரைச் சந்தித்தபோதுதான் அக்கேள்விக்குத் தயக்கமில்லாத பதில் கிடைத்தது.

1884ஆம் ஆண்டு தந்தையார் காலமானார். குடும்பம் ஒரே நாளில் வறுமைக்குள் வீழ்ந்தது. கடன்காரர் வாசலில் நின்றனர். உறவினர் வீட்டுக்கே வழக்காடினர். வேலை தேடிப் பட்டினியோடு வெறுங்காலுடன் தெருத்தெருவாக அலைந்தார். வீட்டில் உணவு குறைவாக இருக்கும் நாட்களில், வெளியிலே விருந்து உண்டதாகச் சொல்லிவிட்டுத் தம் பங்கைத் தாய்க்கும் தம்பியருக்கும் விட்டுவிடுவார். குருதேவர் அவரைக் காளி சந்நிதிக்கு அனுப்பி, குடும்பக் கஷ்டம் தீர வேண்டுமாறு பணித்தார். மூன்று முறை சென்றும் அவரால் பொருள் கேட்க முடியவில்லை. ஞானமும் பக்தியும் விவேகமும் வைராக்கியமுமே அவர் வாயில் வந்தன. பசி என்றால் என்ன என்பதைப் புத்தகத்தில் படித்தறிந்தவர் அல்லர் அவர். பின்னாளில் கடல் நடுவே அவர் எடுத்த முடிவுக்கு இந்த நாட்களே வித்தாயின.

1886ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் திகதி பரமஹம்சர் மகாசமாதி எய்தினார். வராகநகரில் இடிந்துபோன பழைய வீடொன்றில் இளஞ்சீடர்கள் கூடி வாழ்ந்தனர். பிச்சை எடுத்துக் கிடைத்ததை உண்டு, இரவுபகலாகத் தியானமும் பஜனையும் செய்தனர். நரேந்திரர் சந்நியாசம் ஏற்றார்.

கைப்பொருளற்ற யாத்திரை

1888ஆம் ஆண்டு முதல் அவர் தலயாத்திரை புறப்படலானார். காசி, அயோத்தி, விருந்தாவனம் என்று சில தலங்களுக்குச் சென்று மீண்டும் மடத்துக்குத் திரும்புவார். 1890ஆம் ஆண்டு ஜூலை மாதம், இனி இலகுவில் திரும்புவதில்லை என்ற உறுதியுடன் புறப்பட்டார். கையிலே தண்டும் கமண்டலமும், உடுத்த காவியும், ஓரிரு நூல்களுமே இருந்தன. பெரும்பாலும் கால்நடையாகவே சென்றார். யாராவது பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்தால் மட்டும் புகையிரதத்தில் செல்வார். நாளையத் தேவைக்கென்று எதையும் வைத்துக்கொள்வதில்லை.

விருந்தாவனம் செல்லும் வழியில் நிகழ்ந்த ஒரு சம்பவம் எமது ஊர்களும் எண்ணிப் பார்க்கத்தக்கது. வழியோரத்தில் ஒருவர் புகைபிடித்துக்கொண்டிருந்தார். களைத்து வந்த சுவாமிகள் தமக்கும் தருமாறு கேட்டார். தாம் துப்புரவுத் தொழில் செய்யும் குலத்தவர் என்று கூறி அம்மனிதர் தயங்கினார். சுவாமிகளும் பழக்கத்தால் பேசாது நடந்துவிட்டார். சிறிது தூரம் சென்றதும், சாதியையும் குலத்தையும் துறந்தல்லவா காவி உடுத்தோம் என்ற எண்ணம் அவரைச் சுட்டது. திரும்பி வந்து, அம்மனிதர் எவ்வளவோ மறுத்தும் விடாது, அவர் கையிலிருந்தே அதை வாங்கிப் புகைத்தார். துறவுக்குப் பின்னும் மனதின் ஒரு மூலையில் சாதி ஒளிந்திருக்கும் என்பதை இச்சம்பவத்தால் அறிந்துகொண்டதாக அவரே பிற்காலத்தில் சீடர்களிடம் மறைக்காமல் கூறியிருக்கின்றார்.

அந்த 1890ஆம் ஆண்டிலே இமயமலைச் சாரலில் அகண்டானந்தர் என்னும் சகோதரத் துறவியுடன் நடந்து சென்றார். அல்மோராவில் இருந்தபோது, சகோதரி ஒருவர் துயரமான முறையில் உயிர் நீத்தார் என்ற செய்தி தந்தி மூலம் வந்தது. மலைக்குகையில் அமர்ந்து முத்தி தேடும் ஆசை ஒருபுறம். வீட்டிலும் நாட்டிலும் பெண்கள் படும் துன்பம் மறுபுறம். இவ்விரண்டுக்கும் இடையே அவர் மனம் போராடியது. மேலே செல்ல முயன்ற போதெல்லாம் நோயோ வேறு தடையோ வந்து அவரைச் சமவெளிக்கே திருப்பியது.

1891ஆம் ஆண்டின் தொடக்கத்திலே டில்லியில் சகோதரத் துறவிகளைப் பிரிந்து தனியே தெற்கு நோக்கினார். அல்வார், ஜெய்ப்பூர், கேத்ரி முதலிய இராஜபுத்திர நாட்டுப் பகுதிகளையும், குஜராத்தில் ஜுனாகத், போர்பந்தர், துவாரகை முதலிய இடங்களையும் கடந்தார். அரண்மனையில் மன்னர் அருகிலும் இருந்தார். ஏழையின் குடிசையிலும் தங்கினார். கேத்ரி மன்னர் அஜித்சிங் அவருக்குச் சீடரானார். விவேகானந்தர் என்னும் பெயர் நிலைபெற்றதும் அம்மன்னரின் வேண்டுகோளினாலேயே ஆகும்.

1892ஆம் ஆண்டிலே பம்பாய், பூனா, பெல்காம், பெங்களூர், மைசூர் வழியாகக் கேரளம் சென்று, திருவனந்தபுரத்திலே சில நாட்கள் தங்கினார். அரசர்களிடத்தும் திவான்களிடத்தும் அவர் விடாது பேசியது ஒன்றே: குடிமக்களுக்குக் கல்வி கொடுங்கள், தொழில் கொடுங்கள் என்பதாகும்.

கடல் நடுவே மூன்று நாட்கள்

அவ்வாண்டு டிசம்பர் மாத இறுதியிலே கன்னியாகுமரியை அடைந்தார். இமயத்தில் தொடங்கிய நடை குமரியம்மன் சந்நிதியில் வந்து முடிந்தது. குழந்தை தாயைக் கண்டது போல அம்பாளின் திருவடியிலே வீழ்ந்து வணங்கினார். தட்சிணேஸ்வரத்துக் காளியும் குமரிமுனைக் கன்னியும் அவருக்கு ஒரே தாயே.

இனி நடப்பதற்கு நிலம் இல்லை. எதிரே மூன்று பக்கமும் கடல். கரையிலிருந்து சற்றுத் தொலைவிலே அலைகளின் நடுவே ஒரு பாறை தெரிந்தது. அம்பாள் அங்கே நின்று தவம் செய்தார் என்பது ஐதிகம். ஆதலால் அதனை ஸ்ரீபாதப் பாறை என்று அழைப்பர். படகுக்காரருக்குக் கொடுக்க அவரிடம் ஒரு காசும் இருக்கவில்லை. சுறாக்கள் உலாவும் அக்கடலிலே பாய்ந்து நீந்திச் சென்று பாறையில் ஏறினார் என அவர் வரலாறு கூறுகின்றது. டிசம்பர் 25, 26, 27 ஆகிய மூன்று நாட்கள் அங்கே தியானத்தில் அமர்ந்திருந்தார் என்பர்.

அவர் நினைத்திருந்தால் அங்கேயே அமர்ந்து தமது முத்தியை மட்டும் நாடியிருக்கலாம். துறவிக்கு அது குற்றமும் அன்று. ஆனால் கண்ணை மூடியபோது அவர் உள்ளத்தில் எழுந்தது, தாம் நடந்து வந்த நாடே. வழியில் கண்ட பசித்த முகங்களும், எழுத்தறியாத பிள்ளைகளும், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டோரும் அவர் முன் வந்து நின்றனர். தமக்குச் சோறிட்டவர்களுள் எத்தனையோ பேர் அன்றைக்குத் தாமே அரைவயிறு உண்டவர்கள் என்பது அவருக்குத் தெரியும்.

அங்கே உதித்த எண்ணத்தை 1894ஆம் ஆண்டு சிகாகோவிலிருந்து சகோதரத் துறவிக்கு எழுதிய கடிதத்திலே விளக்கியுள்ளார். பசித்த வயிற்றுக்குச் சமய போதனை பயன்படாது. இத்தனை துறவிகள் ஊர் ஊராகச் சுற்றித் தத்துவம் பேசுகின்றனர். அவர்களுள் சிலரேனும் கிராமம் கிராமமாகச் சென்று, தேசப்படத்தையும் பூமிக்கோளத்தையும் காட்டி, ஏழைகளுக்குக் கல்வி புகட்டினால் நாடு எழும். அதற்கு ஆளும் பொருளும் வேண்டும். பொருளை மேல்நாட்டிலே தமது உழைப்பால் தேடிக்கொண்டு வருவது. அவர் கண்ட திட்டத்தின் சாரம் இதுவாகும்.

கரைக்கு மீண்ட சுவாமிகள் மதுரையிலே இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியைச் சந்தித்தார். சிகாகோவில் நடைபெறவிருந்த சர்வசமய மகாசபைக்குச் செல்லுமாறு மன்னரும் வற்புறுத்தினார். 1893ஆம் ஆண்டு தொடக்கத்தில் சென்னையை அடைந்தபோது, அளசிங்கப் பெருமாள் என்னும் ஆசிரியரும் அவருடன் சேர்ந்த இளைஞர்களும் வீடு வீடாகச் சென்று பயணத்துக்குப் பணம் சேர்த்தனர். செல்வந்தர் மட்டுமன்றிச் சாதாரண மக்களும் கொடுத்தனர்.

கடலைக் கடந்து, மீண்டும் கரைக்கு

1893ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி பம்பாயில் கப்பல் ஏறினார். அக்கப்பல் கொழும்புத் துறைமுகத்தில் தரித்தபோது எமது மண்ணிலும் முதன்முறையாகக் கால்பதித்து, புத்தர் கோயிலொன்றைத் தரிசித்துச் சென்றார். செப்டம்பர் 11ஆம் திகதி சிகாகோ மகாசபையில் ஆற்றிய உரையால் உலகப் புகழ் பெற்றார் என்பதை யாவரும் அறிவோம். அந்தப் புகழின் நடுவே, செல்வந்தர் வீட்டு மெத்தையிலே படுத்த இரவு, தாய்நாட்டு ஏழைகளை நினைத்து உறக்கமின்றித் தரையிலே கிடந்து அழுதார் என்பதையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். அவருடைய உள்ளம் குமரிப் பாறையை விட்டு அகலவேயில்லை.

மேல்நாட்டிலிருந்து திரும்பிய சுவாமிகள் 1897ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி முதலில் வந்திறங்கியது கொழும்பிலேதான் என்பது எமக்குப் பெருமை தரும் செய்தியாகும். தைப்பொங்கலை ஒட்டிய அந்நாளிலே கொழும்புச் சைவப் பெருமக்கள் தோரணம் கட்டி வரவேற்றனர். அடுத்த நாள் அவர் ஆற்றிய சொற்பொழிவே, நாடு திரும்பியபின் கீழைத்தேசத்தில் அவர் நிகழ்த்திய முதலாவது பொதுச் சொற்பொழிவாகும். பின்னர் கண்டி, மாத்தளை வழியாக வடக்கு நோக்கிப் பயணமானார். தம்புள்ளைக்கு அப்பால் வண்டிச் சக்கரம் உடைந்து, வழியிலே காத்திருந்து, மாட்டு வண்டியில் பயணத்தைத் தொடர வேண்டியதாயிற்று. அநுராதபுரம், வவுனியாவைக் கடந்து யாழ்ப்பாணம் வந்தபோது வீதியெங்கும் மக்கள் திரண்டு, தீவர்த்தி வெளிச்சத்தில் ஊர்வலமாக அழைத்துச் சென்றனர். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் வேதாந்தம் பற்றி உரையாற்றினார்.

யாழ்ப்பாணத்திலிருந்து கடல் வழியாகப் பாம்பனில் இறங்கிய அவரைச் சேதுபதி மன்னர் வரவேற்று, வண்டியைத் தாமும் சேர்ந்து இழுத்துச் சென்றார். இராமேஸ்வரம் கோயிலிலே சுவாமிகள் ஆற்றிய உரை, கோயில் வழிபடும் எமக்கென்றே சொல்லியது போன்றதாகும். சிவலிங்கத்தில் மட்டும் சிவனைக் காண்பது வழிபாட்டின் தொடக்கம். ஏழையிலும் பலவீனரிலும் நோயாளியிலும் சிவனைக் கண்டு தொண்டு செய்வதே உண்மையான சிவபூசை என்று அங்கே விளக்கினார்.

சொன்னதைச் செய்தும் காட்டினார். 1897ஆம் ஆண்டு மே முதலாம் திகதி இராமகிருஷ்ண மிஷனை ஆரம்பித்தார். அம்மாதமே வங்காளத்தின் முர்ஷிதாபாத் பகுதியில் பஞ்ச நிவாரணப் பணி தொடங்கியது. அதனை நடத்தியவர், இமயச் சாரலில் அவருடன் நடந்த அதே அகண்டானந்தர். 1898இல் கல்கத்தாவில் கொள்ளை நோய்ப் பயம் பரவியபோது, பணம் போதாவிட்டால் மடத்துக்கென்று வாங்கிய பேலூர்க் காணியையே விற்போம் என்றும், துறவிகளுக்கு மரநிழல் போதும் என்றும் துணிந்தார்.

கடும் உழைப்பினால் உடல் தளர்ந்தது. இறுதிக் காலத்திலே பேலூர் மடத்தில் மண்வேலை செய்த சந்தால் குலத் தொழிலாளரை அழைத்து, தாமே நின்று விருந்தளித்து, நாராயணனுக்கே உணவு படைத்ததாக மகிழ்ந்தார். 1902ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் திகதி, காலையில் நெடுநேரம் தியானித்து, பிற்பகலில் மாணவர்க்குப் பாடம் சொல்லி, இரவிலே அமைதியாக இறைவனடி சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 39 மட்டுமே.

எமக்கு விட்டுச் சென்றது

அவர் கால்பட்ட எமது நாட்டிலும் அவ்வித்து முளைத்தது. அதே 1902ஆம் ஆண்டு கொழும்பிலே விவேகானந்த சபை தோன்றியது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1924இல் இராமகிருஷ்ண சங்கத்தில் சந்நியாசம் பெற்று, மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை உருவாக்கி ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்விக் கண் திறந்தார். குமரிப் பாறையிலும் 1970ஆம் ஆண்டு நினைவு மண்டபம் எழுந்தது. இன்று அங்கே செல்வோர் படகிலே செல்கின்றனர்.

நாமும் தலயாத்திரை செல்கின்றோம், தீர்த்தமாடுகின்றோம். போரினாலும் ஆழிப்பேரலையினாலும் துன்புற்ற குடும்பங்கள் எமது ஊர்களில் இன்றும் உள்ளன. பாடசாலை செல்ல வசதியற்ற பிள்ளைகள் கோயில் வீதியிலேயே நிற்கின்றனர். தீர்த்தக் கரையிலிருந்து வீடு திரும்பும்போது, அவர்களுள் ஒருவரையேனும் சிவமாகக் கண்டு எம்மால் இயன்றதைச் செய்வோமாயின், எமது யாத்திரையும் நிறைவெய்தும். அதற்கு எம்பெருமான் திருவருள் பாலிப்பாராக.

சுபம்.