கார் ஓட்டிக்கிட்டே சொன்ன பிட்ச்

ஜீரோத் ரிவ்யூவுக்கு எங்க கேம் ப்ராஜெக்ட் பிட்ச் 32 ஸ்லைடு. ஓபன் வேர்ல்டு, மல்டிபிளேயர், விஆர்னு எதையும் விட்டு வைக்கல. ஆறாவது ஸ்லைடுலயே பேனல் நிறுத்தச் சொல்லிட்டாங்க. அந்தக் கடுப்புல இருந்தப்போதான் குன்பெய் யோகோய் பற்றிப் படித்தேன்.

1941-ல் ஜப்பானின் கியோட்டோவில் பிறந்தவர். படித்தது எலக்ட்ரானிக்ஸ். 1965-ல் நின்டெண்டோவில் சேர்ந்தபோது அது சீட்டுக்கட்டு தயாரிக்கிற கம்பெனி. அந்த மெஷின்களைப் பராமரிப்பதுதான் வேலை. (நம்ம கோர் பிளேஸ்மென்ட் கதையேதான்!) நேரம் போகாமல், நீண்டு சுருங்கும் கை பொம்மை ஒன்று செய்து விளையாடிக்கொண்டிருந்தார். அது பிரசிடென்ட் யமாவுச்சி கண்ணில் பட்டது. திட்டுவார்னு பார்த்தால், அதையே விற்பனைக்குத் தயார் செய்யச் சொன்னார். 1966-ல் 'அல்ட்ரா ஹேண்ட்' என்ற பெயரில் வந்து 10 லட்சத்துக்கு மேல் விற்றது.

இனிமேதான் நான் அசந்துபோன இடம். ஒருநாள் புல்லட் ரயிலில், போரடித்துப்போன ஒருவர் கால்குலேட்டர் பட்டன்களைச் சும்மா தட்டிக்கொண்டிருப்பதை யோகோய் பார்த்தார். கொஞ்ச நாள் கழித்து யமாவுச்சியின் டிரைவருக்கு உடம்பு சரியில்லை, காரை ஓட்டும் வேலை யோகோய் தலையில் விழுந்தது. போகிற வழியில் பேச்சுவாக்கில் சொன்னார்: கால்குலேட்டர் சைஸில், பெரியவங்களும் யாருக்கும் தெரியாமல் கையில் வைத்து விளையாடுகிற மாதிரி ஒரு கேம். ஸ்லைடு இல்லை, டெமோ இல்லை. யமாவுச்சி பெரிதாகக் கண்டுகொண்ட மாதிரியும் தெரியவில்லை. ஆனால் அன்றைய கூட்டத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஷார்ப் கம்பெனியின் தலைவர். கால்குலேட்டருக்கு எல்சிடி செய்கிற அதே ஷார்ப். சில நாளில் ஷார்ப் ஆட்கள் நின்டெண்டோவுக்கே வந்து நின்றார்கள். 1980-ல் 'கேம் & வாட்ச்' வெளியானது. மொத்தம் 4 கோடிக்கும் மேல் விற்பனை.

அவர் பிடிவாதம் ஒன்றுதான்: விலை குறைந்த, எல்லாருக்கும் பழகிய பழைய டெக்னாலஜியை எடுத்துப் புது இடத்தில் வைப்பது. 1989-ல் வந்த கேம் பாயும் அப்படித்தான். போட்டிக்கு வந்த அட்டாரி லிங்க்ஸ், சேகா கேம் கியர் ரெண்டுமே கலர். இரண்டுக்கும் 6 பேட்டரி, சில மணி நேரத்தில் காலி. கலரே இல்லாத கேம் பாய் 4 பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. ஜெயித்தது அதுதான்.

எல்லாமே ஓடிடல. 1995-ல் வந்த 'வர்ச்சுவல் பாய்' ஒரு வருஷம்கூட தாங்கவில்லை. அடுத்த வருஷம் நின்டெண்டோவை விட்டு வெளியே வந்து, 'கோட்டோ' என்று சொந்தக் கம்பெனி தொடங்கினார். 1997 அக்டோபர் 4, சாலை விபத்தில் இறந்தார். வயது 56. கடைசியாக வேலை செய்த 'வொண்டர்ஸ்வான்' 1999-ல்தான் கடைக்கு வந்தது. அதுவும் கறுப்பு வெள்ளைதான்.

திங்கட்கிழமை எங்களுக்கு அடுத்த ரிவ்யூ. இப்போ மூணே ஸ்லைடு. 2 ஜிபி ரேம் போன்ல ஓடணும், பஸ்ல ஒரு கையால கம்பியைப் பிடிச்சுக்கிட்டே இன்னொரு கை கட்டைவிரல்ல ஆடணும். விஆர் ஹெட்செட்டைத் திருப்பிக் கொடுத்தாச்சு.