தாய்மொழிக்கு அப்பால் அல்பிரூனி

நாம் போற்றும் பேரறிஞர் அல்பிரூனி 973-ஆம் ஆண்டு மத்திய ஆசியாவின் குவாரிசம் நாட்டிற் பிறந்தார். தம் தாய்மொழியில் அறிவியல் வேர்கொள்ளாது எனக் கருதி, அரபு மொழியிலேயே பெருநூல்களை யாத்தார். பெற்ற மொழியின் எல்லையை ஒப்புக்கொள்ளுதல் எவர்க்கும் எளிதன்று!

கஜினி மஹ்மூதின் அவையைச் சார்ந்தபின், நாற்பது வயதைக் கடந்த நிலையில் சமஸ்கிருதம் பயின்றார். அரபு எழுத்தில் அடங்கா ஒலிகள் அவரைத் திகைக்க வைத்தன. பண்டிதர் வாய்ச்சொல்லை அரும்பாடுபட்டுக் குறித்து, அதனையே திருப்பிச் சொன்னால் அப்பண்டிதர்க்கே விளங்கவில்லை. ஆயினும் அவர் தளர்ந்தாரல்லர். பதஞ்சலியின் யோக நூலை அரபு மொழியிற் பெயர்த்தார். 1030-ஐ ஒட்டி, இந்தியா பற்றி இயற்றிய பெருநூலில், அரபு மொழியில் நேர்பொருள் வாய்க்காத சொற்களைச் சமஸ்கிருதமாகவே விட்டுவைத்தார்.

குவாரிசம் மொழியோ பின்னர் வழக்கொழிந்தது. அதன் மாதப் பெயர்களையும் விழாப் பெயர்களையும் இன்று நாம் அறிவது, இளமையில் அவர் அரபு மொழியில் எழுதிய காலக்கணிப்பு நூலின் வாயிலாகவே பெரிதும்.