ஆடுகளமும் அரசியல் களமும்: பல்வாங்கர் பாலுவின் வாழ்க்கை

கோடை முடியும் காலம் எங்கள் கான்சாபுரத்துப் பக்கத்தில் காத்திருக்கும் காலம். கண்மாய் வறண்டு கிடக்கும். மாந்தோப்புகளில் கடைசிக் காய்கள் இறங்கிக்கொண்டிருக்கும். மேற்கு மலையில் மேகம் எப்போது கூடும், சாரல் எப்போது விழும் என்று எல்லோரும் அண்ணாந்து பார்த்திருப்பர். 2024ஆம் ஆண்டுக் கோடையிலோ இந்தக் காத்திருப்புடன் வேறு இரண்டும் சேர்ந்துகொண்டன. ஏப்ரல் 19ஆம் நாளே தமிழ்நாடு முழுவதும் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்து முடித்துவிட்டது. ஆயினும் வாக்கு எண்ணிக்கைக்கு ஜூன் 4ஆம் நாள் வரை, முழுதாக 46 நாட்கள் பொறுத்திருக்க வேண்டியதாயிற்று. அதே நாட்களில்தான் ஐ.பி.எல். ஆட்டங்களும் முடிவை நோக்கி நகர்ந்தன. மே 18ஆம் நாள் பெங்களூரிடம் தோற்ற சென்னை அணி, அந்த அணிக்குச் சமமான புள்ளிகள் பெற்றிருந்தும் ரன் விகிதத்தில் பின்தங்கி அடுத்த சுற்று வாய்ப்பை இழந்தது.

அந்த மாலை நேரங்களில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நான் கவனித்தது ஒன்று உண்டு. எத்தனை ரன் வித்தியாசம் என்று கணக்குப் போட்ட விரல்களே எத்தனை தொகுதி என்றும் கணக்குப் போட்டன. ஆட்டத்தைப் பற்றிய பேச்சு எந்த இடத்தில் முடிந்தது, அரசியல் எந்த இடத்தில் தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல இயலவில்லை. விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள் என்று பெரியவர் ஒருவர் அலுத்துக்கொண்டு எழுந்து போனார். அவர் போன பிறகு என் நினைவுக்கு வந்தவர்தாம் பல்வாங்கர் பாலு.

இவர் பெயரை நான் முதலில் கண்டது விளையாட்டுப் பக்கத்தில் அன்று. வரலாற்றுப் பாடத்திற்காகப் பூனா ஒப்பந்தத்தைப் படித்தபோது, கையெழுத்திட்டோர் பட்டியலில் பி. பாலு என்றொரு பெயர் இருந்தது. யார் இவர் என்று தேடப்போய், இந்தியக் கிரிக்கெட்டின் தொடக்க காலத்தில் வந்து நின்றேன். அவர் வாழ்க்கையை நம் கல்லூரி நண்பர்களும் அறிய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உருளை இழுத்த சிறுவன்

பாலு 1876ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தார்வாரில் பிறந்தார். தோல் தொழிலுக்குரியதென ஒதுக்கப்பட்ட சமார் சாதியைச் சேர்ந்த குடும்பம். கொங்கணத்துப் பல்வன் என்னும் சிற்றூரே குடும்பப் பெயருக்கு மூலம். தந்தைக்கு இராணுவத்தில் வேலை கிடைத்ததால் குடும்பம் பூனாவுக்கு வந்தது. வெள்ளை அதிகாரிகள் ஆடிக் கழித்த மட்டையும் பந்துமே பாலுவுக்கும் அவர் தம்பி சிவராமுக்கும் முதல் விளையாட்டுப் பொருள்கள்.

படிப்பு நீளவில்லை. பார்சிக்காரர்களின் கிரிக்கெட் சங்கம் ஒன்றில் ஆடுகளத்தைப் பெருக்கி உருளை இழுக்கும் வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 3 ரூபாய். பின்னர் ஐரோப்பியரின் பூனா கிளப்பில் 4 ரூபாய்க்கு வேலை. வலை கட்டுவதும், கோடு போடுவதும், ஆடுகளத்தைப் பேணுவதும் அவர் கடமை. பயிற்சிக்கு வரும் துரைமார்களுக்குப் பந்து வீசும் பொறுப்பும் நாளடைவில் அவரிடம் வந்தது. அக்காலத்தில் புகழ்பெற்ற மட்டையாளரான கிரெய்க் என்பவர் மற்றவர்களுக்கு முன்பே வந்து பாலுவின் பந்துவீச்சை எதிர்கொண்டு பழகுவார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறையும் எட்டணா கொடுப்பார் என்று ஒரு கதையும் உண்டு. இடக்கைச் சுழற்பந்தில் பாலு தேர்ச்சி பெற்றது இவ்வாறுதான். ஆனால் அங்கே ஒரு நாளும் மட்டையைப் பிடித்து ஆட அவருக்கு இடம் தரப்படவில்லை. வெள்ளையருக்கு வேண்டியது அவருடைய பந்துவீச்சு மட்டுமே.

மண் குவளையில் தேநீர்

வெள்ளையர் கிளப்பில் ஒருவன் இப்படிப் பந்து வீசுகிறான் என்ற செய்தி பூனாவின் இந்து அணியினருக்கு எட்டியது. அவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அவர்களுக்குள் பெரிய விவாதம். வெல்ல வேண்டும் என்ற ஆசை வென்றது, பாலு சேர்க்கப்பட்டார். களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டனர். தேநீர் இடைவேளை வந்ததும் நிலைமை மாறியது. மற்றவர்கள் உள்ளே அமர்ந்து பீங்கான் கோப்பையில் பருக, பாலுவுக்கு வெளியே, குடித்ததும் எறிந்துவிடக்கூடிய மண் குவளையில் தேநீர் தரப்பட்டது. உணவும் தனியே.

இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் இருந்தேன். பந்துக்குத் தீட்டு இல்லை, குவளைக்கு மட்டும் தீட்டு உண்டு என்பது என்ன நியாயம்! பாலுவின் வெற்றிகளைக் கண்ட பின்னர், மகாதேவ கோவிந்த ரானடே போன்ற சீர்திருத்தப் பெரியோர் இந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டி, உடன் ஆடுகிறவருடன் உண்பதற்கு என்ன தடை என்று அணியினரைக் கண்டித்ததாகச் சொல்லப்படுகிறது.

1896இல் பூனாவைப் பிளேக் நோய் தாக்கியது. பாலு பம்பாய்க்குச் சென்றார். அங்கிருந்த இந்து ஜிம்கானாவிலும் அவரைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு இருந்தது. அதையும் அவருடைய பந்துவீச்சுதான் கடந்தது. இரயில்வே நிறுவனத்தில் வேலையும் அவர்கள் அணியில் இடமும் கிடைத்தன.

1906 பிப்ரவரியில் பம்பாயில் இந்துக்களும் ஐரோப்பியரும் மோதினர். வங்கப் பிரிவினைக்குப் பின் சுதேசி இயக்கம் கொழுந்துவிட்டு எரிந்த நேரம் அது. இந்து அணி 242, 160 என்று ரன்கள் எடுத்தது. ஐரோப்பியர் 191, 102 ரன்களில் சுருண்டனர். 109 ரன் வித்தியாசத்தில் வெற்றி. பாலுவின் பந்துவீச்சு இந்த வெற்றிக்குப் பெருந்துணை. ஆள்பவரை ஆளப்படுவோர் வென்றனர் என்று நாடே பேசியது. ஒரு சாதாரண ஆட்டத்தின் முடிவு அரசியல் செய்தியானது. பம்பாய் இந்து ஜிம்கானாவில் எல்லாச் சாதியினரும் பாலுவுடன் அமர்ந்து உண்டதைச் சீர்திருத்த இதழ்கள் வரவேற்று எழுதின. பூனாவில் வெளியே நின்ற மனிதர் பம்பாயில் உள்ளே வந்துவிட்டார்.

இங்கிலாந்தில் 114 விக்கெட்டுகள்

1911இல் பாட்டியாலா இளம் மன்னர் பூபிந்தர் சிங் தலைமையில் முதல் அனைத்திந்திய அணி இங்கிலாந்து சென்றது. ஆடிய 23 ஆட்டங்களில் 6 வெற்றி, 15 தோல்வி, 2 சமநிலை. இந்த எண்களைப் பார்த்தால் பெருமைப்பட ஏதுமில்லை என்று தோன்றும். ஆனால் அந்தத் தோல்விகளுக்கு நடுவே 35 வயதுப் பாலு 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார், சராசரி 18.84. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்கு எதிராக ஒரே இன்னிங்சில் 103 ரன்களுக்கு 8 விக்கெட். முதல்தர ஆட்டங்களில் அவர் வாழ்நாள் கணக்கு 33 ஆட்டங்கள், 179 விக்கெட்டுகள். இந்தியா முதல் டெஸ்ட் ஆட்டம் ஆடியது 1932இல்தான். அதற்குள் அவருடைய ஆட்ட நாட்கள் முடிந்துவிட்டன.

ஊர் திரும்பியதும் தாழ்த்தப்பட்ட மக்கள் அவரைத் தங்கள் வீரராகக் கொண்டாடினர். அவரைப் போற்றிய இளைஞர்களுள் ஒருவர் பீமராவ் அம்பேத்கர். பாலு அவரைவிட 15 வயது மூத்தவர்.

தலைமை யாருக்கு?

இத்தனை புகழ் இருந்தும் இந்து அணியின் தலைமைப் பொறுப்பு பாலுவுக்கு ஒரு தொடருக்குக்கூட முறையாக வழங்கப்படவில்லை. விக்கெட் எடுக்க ஒரு சாதி, தலைமை தாங்க ஒரு சாதி என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே அது நடந்தது.

சிவராம், வித்தல், கண்பத் என்ற தம்பிகளும் சிறந்த ஆட்டக்காரர்களாக வளர்ந்தனர். 1920ஆம் ஆண்டு நாற்கட்சிப் போட்டியில் பாலு அணியிலிருந்து விடப்பட்டார். தலைவர் பை உடல்நலமின்றி இருந்தபோது, மூத்தவரான வித்தலைத் தாண்டித் தலைமை வேறொருவருக்குச் சென்றது. வித்தலும் சிவராமும் ஆட மறுத்து விலகினர். காரணத்தைப் பொதுமக்கள் முன் அறிக்கையாகவும் வைத்தனர். காந்தியடிகளின் தீண்டாமை எதிர்ப்புப் பேச்சு நாடெங்கும் கேட்கத் தொடங்கிய காலம் அது. நிர்வாகிகள் இறங்கி வந்தனர். இறுதி ஆட்டத்தில் பாலு துணைத் தலைவரானார். பை சிறிது நேரம் களத்தைவிட்டு விலகி நின்று, பாலு அணியை நடத்த வழி செய்தார். 1923இல் வித்தல் முறைப்படி தலைவரானார். அவர் தலைமையில் இந்து அணி ஐரோப்பியரை வென்றது. அண்ணனுக்குக் கிடைக்காதது தம்பிக்குக் கிடைத்தது. அதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பந்து வீச வேண்டியிருந்தது.

இரு வழிகள்

1932 ஆகஸ்டு 16ஆம் நாள் பிரிட்டிஷ் அரசு வகுப்புத் தீர்ப்பை வெளியிட்டது. தாழ்த்தப்பட்டோருக்குத் தனித் தொகுதி வேண்டும் என்ற அம்பேத்கரின் கோரிக்கை அதில் ஏற்கப்பட்டது. அதை எதிர்த்துக் காந்தியடிகள் எரவாடா சிறையில் செப்டம்பர் 20 முதல் உண்ணாவிரதம் இருந்தார். பாலுவும் சென்னையின் எம்.சி. ராஜாவும் கூட்டுத் தொகுதியின் பக்கம் நின்று அம்பேத்கருடன் பேசினர். செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம் உருவாயிற்று. மாகாணச் சட்டசபைகளில் 71 என்றிருந்த தாழ்த்தப்பட்டோர் இடங்கள் 148 ஆயின. தனித் தொகுதி கைவிடப்பட்டது. அதில் கையெழுத்திட்ட நம்மவர்களுள் இரட்டைமலை சீனிவாசனும் ராஜாஜியும் உண்டு.

பாலு ஏன் அந்தப் பக்கம் நின்றார்? தாம் வெளியே நின்று பருகிய மண் குவளை உள்ளே பீங்கான் கோப்பையாக மாறியதை அவர் தம் வாழ்நாளில் கண்டவர். உடன் ஆடினால், உடன் உண்பார்கள். உடன் வாக்களித்தால், உடன் வாழ்வார்கள் என்று அவர் நம்பியிருக்கலாம் என்பது என் எண்ணம். அம்பேத்கரோ மகாத் குளத்திலும் நாசிக் காலாராம் கோயில் வாயிலிலும் அந்த நம்பிக்கை உடைபட்டதைக் கண்டவர். எல்லோராலும் பந்தைச் சுழற்ற இயலாது; திறமையுள்ள ஒருவருக்குத் திறந்த கதவு திறமையைக் காட்ட வாய்ப்பே இல்லாத கோடிப் பேருக்குத் திறக்குமா என்பது அவர் பக்கத்துக் கேள்வி.

பாலு 1933இல் பம்பாய் நகராட்சித் தேர்தலில் இந்து மகாசபை சார்பில் நின்று தோற்றார். 1937 சட்டசபைத் தேர்தலில் காங்கிரசு அவரை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. ஒரு காலத்தில் தம்மைப் போற்றிய இளைஞரை எதிர்த்து முதிய ஆட்டக்காரர் நின்றார். வாக்குகளை எண்ணியபோது அம்பேத்கர் ஏறத்தாழ 2,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அடுத்த ஆண்டே, சென்னைச் சட்டசபையில் எம்.சி. ராஜா கொண்டுவந்த கோயில் நுழைவு மசோதா ஆட்சியினரின் ஆதரவின்றித் தோற்றது. பாலுவுடன் கூட்டுத் தொகுதியை நம்பி நின்ற ராஜா, அதன்பின் அந்த நம்பிக்கையை இழந்தார்.

பாலு 1955 ஜூலையில் பம்பாயில் மறைந்தார். தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து அப்போது ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டத்தில் நிறத்தடையை உடைத்து ஜாக்கி ராபின்சன் 1947இல் களமிறங்கியதை உலகம் இன்றும் நினைவுகூர்கிறது. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே நம் நாட்டில் அப்படி ஒருவர் களமிறங்கினார். நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

முடிவாக ஒன்று

நண்பர்களே, இவ்வளவும் எழுதியபின் என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன். கோடைப் போட்டிகளில் நான் ஆடிய ஓர் அணியில் இடக்கையால் சுழற்பந்து வீசும் அண்ணன் ஒருவர் இருந்தார். ஐந்து ஆண்டுகள் எங்களுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தது அவர் கைதான். கோப்பையுடன் எடுத்த படங்களிலெல்லாம் அவர் நடுவில் நிற்பார். ஆனால் ஒவ்வொரு ஆண்டும் கேப்டன் யார் என்று முடிவு செய்யும் கூட்டத்திற்கு அவரை அழைத்ததில்லை. அவர் வேறு தெருக்காரர். இதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. ஏன் என்று நானும் ஒரு நாள் கேட்டதில்லை. அந்தக் கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

விக்கெட்டை எண்ணுவதில் நாம் மிகவும் நேர்மையானவர்கள், ஒன்றுகூடத் தவறாது. வாக்கை எண்ணுவதிலும் அப்படித்தான். எண்ணி முடித்த பிறகு, யாரை நம்முடன் உட்கார வைக்கிறோம், யாரைத் தலைவராக ஏற்கிறோம் என்ற இடத்தில்தான் நம் நேர்மை சோதிக்கப்படுகிறது. விளையாட்டில் அரசியல் வேண்டாம் என்ற பெரியவரின் பேச்சை நான் ஏற்க முடியாதது இதனால்தான். அரசியலை நாம் களத்திற்குக் கொண்டு போகவில்லை. நாம் அங்கே போகுமுன்பே அது மண் குவளையாக அங்கே இருந்திருக்கிறது.

அடுத்த கோடையில் கண்மாய் வறண்டதும் அணி கூடும். அந்தக் கூட்டத்திற்கு அண்ணனை நான் நேரில் சென்று அழைத்து வருவேன். கேப்டன் பெயர் கேட்கும்போது முதலில் அவர் பெயரைச் சொல்வேன். பாலுவின் வரலாற்றைப் படித்ததற்கு என்னால் இயன்ற மரியாதை அவ்வளவே.