ஏரியின் நாடி பார்த்தவர்: யார் இந்த ஃபொரெல்?

ஏரின்னா படகு, மீன், அழகான படம். அவ்வளவுதானா?

ஏரியைப் பற்றிய படிப்பே தனி அறிவியல் என்று காட்டியவர் ஃபிரான்சுவா அல்ஃபோன்ஸ் ஃபொரெல்.

1841இல் சுவிட்ஸர்லந்தில், ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள மோர்ஜ் நகரில் பிறந்தார். மருத்துவம் படித்து, லோசான் நகரில் பேராசிரியரானார். ஆனால் மனசு முழுக்க ஏரியில்தான்!

அடிச்சேற்றை வாரியெடுத்து, ஆழத்திலும் உயிர்கள் வாழ்வதைக் கண்டார். நீரின் வெப்பம், நிறம், தெளிவு எல்லாவற்றையும் பல்லாண்டு அளந்தார். 1892 முதல் 1904 வரை 3 தொகுதிகளாக அதை வெளியிட்டார்.

ஏரிக்கு நீர் தரும் ரோன் ஆறு, மலையில் மெல்ல நகரும் பனியாற்றில் பிறக்கிறது. அதையும் விடவில்லை ஃபொரெல். ஆல்ப்ஸ் பனியாறுகள் வளர்வதையும் சுருங்குவதையும் ஆண்டுதோறும் பதிவுசெய்தார். 1894இல் அமைந்த அனைத்துலகப் பனியாற்று ஆணையத்தின் முதல் தலைவரும் அவரே. 1912இல் காலமானார்.

இன்று அது ஏன் முக்கியம்?

கடுங்குளிரில் மேல்நீர் கனத்து கீழே இறங்கும். ஆக்ஸிஜனை அடிவரை கொண்டுபோகும். ஜெனீவா ஏரியில் 2012க்குப் பிறகு பல குளிர்காலங்கள் அப்படி முழுசா கலக்காமலேயே கடந்துவிட்டன. ஆக்ஸிஜன் குறைந்தால், சேற்றிலுள்ள பாஸ்பரஸ் நீரில் கரைந்து அதன் தரத்தைக் கெடுக்கும்.

பனியாறுகள்? 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் சுமார் 10 விழுக்காட்டுப் பனியை இழந்தன.

ஃபொரெல் காலத்தில் தொடங்கிய பனியாற்று அளவெடுப்பு இன்றும் தொடர்கிறது. எவ்வளவு இழந்தோம் என்று நமக்குத் தெரிவது, அன்று ஒருவர் பொறுமையாக அளந்து வைத்ததால்தான்.