ஒப்புநோக்கிய பெரியார் கால்டுவெல் ஐயர்

தென்பெண்ணையாற்றின் கரையிலே திருக்கோவிலூர் என்னும் பழம்பதி விளங்குகின்றது. மலையமான் காரியின் நாட்டுக்குத் தலைநகராயிருந்ததும் இவ்வூரே. கபிலர் உயிர்நீத்த இடமென வழங்கும் கபிலர் குன்றைத் தன் ஆற்றினிடையே கொண்டிருப்பதும் இவ்வூரே. உலகளந்த பெருமாள் கோயிலின் இராசகோபுரம் 11 நிலைகளோடு 192 அடி உயர்ந்து, நெடுந்தொலைவினின்றும் வருவார்க்கு வழிகாட்டி நிற்கின்றது.

சென்ற விடுமுறையில் நாம் அவ்வூரிலே சின்னாள் தங்கியிருந்தோம். அப்பொழுது உறவினர் வீட்டுச் சிறுவர் இருவர் ஆங்கில இலக்கணப் புத்தகமும் கையுமாய் நம்மை அணுகினர். பெயரைச் சிறப்பிக்கும் உரிச்சொல்லும் வினையைச் சிறப்பிக்கும் உரிச்சொல்லும் ஒப்புமையிலே அடையும் மூவகை நிலைகளை அவர்கள் படித்துக்கொண்டிருந்தனர். தம் ஊர்க் கோபுரத்தையும் திருவண்ணாமலைக் கோபுரத்தையும் ஒப்பிட்டு ஒரு வாக்கியம் எழுதுமாறு மூத்தவனுக்குச் சொன்னோம். அவன் டாலர் என்பதற்கு முன்னே மோர் என்பதையும் கூட்டி எழுதிவிட்டான். அஃது இரட்டிப்பு என்பதைக் காட்டித் திருத்தினோம். இளையவனோ வேறொரு வினாவை எழுப்பினான். ஆங்கிலத்தில் டால், டாலர், டாலஸ்ட் எனச் சொல்லே உருமாறுகின்றதே, நம் தமிழில் உயர்ந்த என்னுஞ் சொல் அங்ஙனம் மாறுவதில்லையே, ஆயின் தமிழ் குறையுடைய மொழிதானோ என்று அவன் கேட்டான்.

சிறுவன் வினாவாயினும் சிறுவினா அன்று. ஆங்கிலம் பயிலும் நம் மாணவர் பலருடைய உள்ளத்திலே சொல்லாமற் கிடக்கும் ஐயம் இதுவே. இவ்வையத்தை நூறாண்டுகட்கு முன்னரே ஆராய்ந்து, அதற்குத் தக்க விடையும் எழுதிவைத்த ஒருவர் உளர். அவர் தமிழர் அல்லர். அயர்லாந்து நாட்டிற் பிறந்தவர். அவரே இராபர்ட் கால்டுவெல் ஐயர். அவர்தம் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

கால்டுவெல் 1814-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள், அயர்லாந்திலே ஆன்றிரிம் வட்டாரத்தைச் சார்ந்த கிளாடி என்னும் சிற்றூரிற் பிறந்தார். பெற்றோர் ஸ்காத்லாந்து நாட்டினர், செல்வமிக்கவர் அல்லர். இளமையிலேயே குடும்பம் கிளாஸ்கோ நகருக்குப் பெயர்ந்தது. முதலில் அவருடைய நாட்டம் ஓவியத்திலே சென்றது. டப்ளின் நகரிற் சிலகாலம் அக்கலையைப் பயின்றார். பின்னர் உள்ளந்திரும்பிச் சமயத் தொண்டிலே தம்மை ஒப்புவித்து, இலண்டன் மிஷன் சங்கத்தாரின் உதவியால் கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்திற் கல்வி கற்றார். ஆங்கே கிரேக்கமொழிப் பேராசிரியராயிருந்த சாண்ட்போர்டு என்பார் மொழிகளை ஒன்றோடொன்று இயைத்துக் கற்பிக்கும் முறையிலே வல்லவர். அவர்தம் பாடங்களே கால்டுவெல்லின் உள்ளத்தில் ஒப்பிலக்கணம் என்னும் வித்தை ஊன்றின.

பட்டம் பெற்றபின் அவர் கப்பலேறி, 1838-ஆம் ஆண்டு சனவரி மாதம் 8-ஆம் நாள் சென்னைக் கரையை அடைந்தார். அப்பொழுது அவருக்கு அகவை 23. தெலுங்குமொழிக்குப் பெருந்தொண்டு புரிந்த சி. பி. பிரௌன் துரை அதே கப்பலிலே பயணஞ் செய்தனர் என்பது குறிக்கத்தக்கது. சென்னையிலே மூன்றாண்டுகள் தங்கித் தமிழைக் கற்றார். திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்திற் பெயர்த்த துரூ ஐயரின் நட்பு அவருக்கு அக்காலத்தே வாய்த்தது.

1841-ஆம் ஆண்டு அவர் இலண்டன் மிஷனை விட்டு, இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த நற்செய்திப் பரப்புச் சங்கத்திற் சேர்ந்தார். திருநெல்வேலிச் சீமைக்கு அனுப்பப்பட்ட அவர், நாட்டையும் மக்களையும் நேரிற் காணவேண்டுமென விரும்பி, நடந்தே செல்லத் துணிந்தார். சென்னையினின்றும் புறப்பட்டுச் சிதம்பரம், மாயூரம், தரங்கம்பாடி, கும்பகோணம், தஞ்சை, திருச்சிராப்பள்ளி முதலிய ஊர்களைக் கண்டு, நீலகிரியேறி இறங்கி, மதுரை வழியாகத் திருநெல்வேலியை அடைந்தார். சென்னையிலிருந்து சிதம்பரஞ் செல்வார் பெண்ணையாற்றைக் கடந்தே ஆகவேண்டும். ஆதலின் திருக்கோவிலூரைத் தழுவி வரும் அவ்வாற்றை, அது கடலை அணுகும் பக்கத்திலே அவரும் கடந்தார் எனக் கொள்ளலாம். ஊர்தோறும் மாறிவரும் பேச்சைச் செவிமடுத்துக்கொண்டே நடந்த அந்நெடுவழி, அவர் பயின்ற மற்றொரு கல்லூரியாயிற்று.

அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடி என்னும் சிற்றூரை அடைந்து, அதனையே தம் உறைவிடமாகக் கொண்டார். அது செம்மணற் றேரிகள் சூழ்ந்த பனைநாடு. வெயிலும் வறட்சியும் மிக்க அவ்வூரிலே அவர் தெருக்களை ஒழுங்குபடுத்தினார், கிணறுகள் தோண்டுவித்தார், பள்ளிகள் நிறுவினார். 1844-ஆம் ஆண்டு, நாகர்கோவிலிலே தொண்டாற்றிய மால்ட் ஐயரின் மகளார் எலிசாளை மணந்தார். அவ்வம்மையார் இந்நாட்டிலேயே வளர்ந்தமையால் தமிழை இயல்பாகப் பேசுவார். பெண்மக்களுக்குப் பள்ளி நடத்தியும், பின்னல்வேலை கற்பித்தும், அவ்வூர் மகளிர்க்குப் பிழைப்புக்கு வழிகாட்டினார். 1847-ஆம் ஆண்டில் தொடங்கிய திருத்துவ ஆலயம் 33 ஆண்டுகள் சிறிது சிறிதாக எழும்பி, 1880-ஆம் ஆண்டிலே நிறைவெய்தியது.

பகலெல்லாம் ஊர்ப்பணியிலே உழன்ற அவர், மொழியாராய்ச்சியையும் கைவிட்டாரல்லர். தமிழை ஏனைத் தென்மொழிகளோடு ஒப்பிட்டு அவர் இயற்றிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-ஆம் ஆண்டு இலண்டனிலே வெளிவந்தது. பெரிதும் விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு 1875-இல் வந்தது. அதன்கண் அவர் 12 மொழிகளை எடுத்துக்கொண்டார். தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு, குடகு என்பன திருந்தியவை என்றும், துதம், கோதம், கோண்டு, கூ, ஒராவோன், இராசமகால் என்பன திருந்தாதவை என்றும் வகுத்தார். இந்நாளைய அறிஞர் எம்மொழியையும் திருந்தாதது என்று கூறார். மொழிகளின் தொகையும் இருபதுக்கு மேல் உயர்ந்துவிட்டது.

தென்மொழிகள் வடமொழியினின்றும் பிறந்தன அல்ல, தமக்குள் ஒரு குடும்பமாயின என்னும் உண்மையை அவருக்கு முன்னரே கண்டவர் ஒருவர் உண்டு. சென்னையிலே அதிகாரியாயிருந்த எல்லீசு துரை 1816-ஆம் ஆண்டிலேயே அதனைச் சான்றுகளோடு எழுதினார். ஆயினும் அவ்வுண்மையை இலக்கணத்தின் எல்லாப் பகுதிகளிலும் செலுத்தி உலகறிய நிறுவிய பெருமை கால்டுவெல்லுக்கே உரியது. கடன்வாங்கிய சொற்களை விலக்கி, எண்ணுப்பெயர், மூவிடப்பெயர், உறுப்புப்பெயர், வேற்றுமையுருபு என்னும் அடிப்படைகளையே அவர் ஒப்புநோக்கினார். நம் மூன்று மலையாளத்தில் மூன்னு என்றும், கன்னடத்தில் மூரு என்றும், தெலுங்கில் மூடு என்றும் வழங்குதல் காண்க. அவரது முறையை 1961-இல் பரோவும் எமனோவும் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பகராதி மேலும் உறுதிப்படுத்தியது. தென்மொழிகளைச் சித்திய இனத்தோடு உறவாக்கிய அவரது கொள்கையோ பின்வந்தோரால் ஏற்கப்படவில்லை.

இனிச் சிறுவன் வினாவுக்கு வருவோம். அந்நூலிலே பெயருரிச்சொற்களின் ஒப்புநிலை பற்றிய பகுதியொன்று உண்டு. ஐரோப்பிய மொழிகள் பண்புச்சொல்லின் ஈற்றிலே விகுதி சேர்த்து ஒப்புமையை உணர்த்துகின்றன. திராவிட மொழிகள் அங்ஙனஞ் செய்வதில்லை. எதனோடு ஒப்பிடுகின்றோமோ அப்பொருளின் பெயரிலேயே அடையாளத்தை இடுகின்றன என்பது அவர் கண்ட முடிபு. திருவண்ணாமலைக் கோபுரம் திருக்கோவிலூர்க் கோபுரத்தினும் உயர்ந்தது என்கின்றோம். உயர்ந்தது என்பது மாறவில்லை. கோபுரத்தினும் என்பதே ஒப்புமையைத் தாங்குகின்றது. நம் இலக்கணிகள் ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், எல்லை, ஏது என்பவற்றோடு ஒப்பையும் பொருளாக வைத்தனர். கால்டுவெல்லோ இதனை ஏழாம் வேற்றுமையாகக் கொள்ளுதலே பொருந்தும் என்றார். அவற்றில் இது நல்லது என்றால், அவற்றின் நடுவே வைத்து நோக்க இது நல்லது என்பதே கருத்து என விளக்கினார். இல் என்னும் உருபை நன்னூலார் இரு வேற்றுமைக்கும் ஓதியிருத்தலின், இரு கொள்கையும் ஆராயத்தக்கனவே.

பேச்சுவழக்கிலே பார்க்கிலும், காட்டிலும் என்பவற்றை நாம் வழங்குகின்றோம். அவை பார்த்தாலும், காட்டினாலும் என்னும் பொருளுடையன. அதனை எதிரே வைத்துப் பார்த்தாலும் இது பெரிது என்பதே அவற்றின் உட்பொருள். விட என்பதும் விடுதல் என்னும் வினையினின்றும் வந்ததே. ஆகவே விகுதியொன்று இல்லாமையால் தமிழுக்குக் குறையில்லை. ஆங்கிலம் ஒரு விகுதியிலே செய்வதைத் தமிழ் ஒரு செயலாக நம் கண்முன் நிறுத்துகின்றது.

வினையைச் சிறப்பிக்குஞ் சொல்லுக்கும் இவ்விதியே ஆகும். ஆங்கிலத்தில் ஃபாஸ்ட் என்பது ஃபாஸ்டர், ஃபாஸ்டஸ்ட் என மாறும். ஸ்லோலி என்பதோ தன்னுரு மாறாது மோர், மோஸ்ட் என்பவற்றை முன்னே ஏற்கும். வெல் என்பது பெட்டர், பெஸ்ட் என முற்றிலும் வேறுபடும். தமிழிலே ஆமை மாட்டினும் மெதுவாக நடக்கும் என்றால், மெதுவாக என்பது எவ்வாற்றானும் மாறுவதில்லை. இனி, எல்லாவற்றினும் சிறந்ததைக் கூறுமிடத்து, மிக என்பதனைக் கூட்டியோ எல்லாவற்றுள்ளும் என்று தொகுத்தோ தமிழ் உணர்த்தும். ஸ்ரீரங்கத்தில் 1987-ஆம் ஆண்டு நிறைவுற்ற 13 நிலை இராசகோபுரம் 236 அடி. திருவண்ணாமலைக் கோபுரம் 217 அடி. ஆகவே இம்மூன்றனுள் ஸ்ரீரங்கத்துக் கோபுரமே மிக உயர்ந்தது. எத்தொகுதிக்குள் என்னும் எல்லை கூறாமல் மிக உயர்ந்தது என்றல் எம்மொழியிலும் பிழையாம்.

ஒப்புமையை இத்துணை நுட்பமாக ஆராய்ந்த அவரும் ஓரிடத்திலே தவறினார் என்பதை மறைத்தல் முறையன்று. 1849-ஆம் ஆண்டு, தாம் தொண்டாற்றிய நாடார் சமூகத்தைப்பற்றி அவர் ஆங்கிலத்திலே ஒரு சிறுநூல் வெளியிட்டார். அம்மக்களுடைய அறிவையும் ஒழுக்கத்தையும் தாழ்த்தி அதன்கண் எழுதியிருந்தார். அந்நாட்டுக்கு வந்து அவருக்கு அப்பொழுது எட்டாண்டுகளே கழிந்திருந்தன. அம்மக்கள் கல்வியில் முன்னேறி அந்நூலைத் தாமே படித்தறிந்தபோது உள்ளம் புண்பட்டனர். அரசியலாருக்கு விண்ணப்பங்கள் விடுத்தனர். முடிவில் அவர் அந்நூலைப் புழக்கத்தினின்றும் விலக்கிக்கொண்டார். மொழிகளை ஒப்பிடுமிடத்து ஒவ்வொன்றையும் அதன் இயல்பிலே வைத்து நோக்கியவர், மக்களை நோக்குமிடத்துத் தம் நாட்டு அளவுகோலையே கொண்டுவந்தார். பார்க்கிலும் என்னும் நம் சொல் பார்த்தலைக் கேட்கின்றது. அவரோ போதிய அளவு பாராமுன்னரே தீர்ப்புக் கூறிவிட்டார். பெரியோர் பிழையும் நமக்குப் பாடமாதல் இவ்வாறே.

1877-ஆம் ஆண்டு அவர் அத்தியட்சராக உயர்த்தப்பட்டார். அவ்வாண்டே நாட்டைப் பெரும் பஞ்சம் வாட்ட, துயர்நீக்கும் பணியிலே இரவுபகலாய் உழைத்தார். கொற்கையிலே நிலத்தை அகழ்ந்து பழம்பொருள்களை ஆராய்ந்தார். 1881-இல் திருநெல்வேலிச் சரித்திரத்தை வெளியிட்டார். முதுமை மேலிட, 1891-ஆம் ஆண்டின் தொடக்கத்திலே பதவியினின்றும் ஓய்வுபெற்றுக் கோடைக்கானல் மலையிலே தங்கினார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் 28-ஆம் நாள் உயிர்நீத்தார். அவருடலை இடையன்குடிக்குக் கொண்டுவந்து, அவரே எழுப்பிய ஆலயத்திலே அடக்கஞ் செய்தனர். 53 ஆண்டுகள் அவர் இந்நாட்டு வாழ்வினராயிருந்தார். 1968-ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரையிலே அவருக்குச் சிலை நாட்டித் தமிழுலகம் தன் நன்றியைத் தெரிவித்தது.

இவற்றையெல்லாம் அச்சிறுவர்க்கு எளிய மொழியிலே கூறினோம். மூத்தவன் தன் ஆங்கில வாக்கியத்தை மோர் நீக்கி எழுதி வந்தான். இளையவன் அதனையே தமிழிலும் எழுதினான். கோபுரத்தினும் என்னுஞ் சொல்லின்கீழ்க் கோடு ஒன்று இழுத்திருந்தான். மாற்றம் எச்சொல்லில் நிகழ்கின்றது என்பதனை அவன் உணர்ந்துகொண்டான் என மகிழ்ந்தோம்.

நம் கல்லூரி மாணவரும் இதனை உளங்கொள்வாராக. பிறமொழியைக் கற்குங்கால் நம் மொழியில் இல்லாததொன்றைக் கண்டவுடன் அதனைக் குறையென்று எண்ணி நாணுதலும் வேண்டா. அவர் மொழியில் இல்லாததொன்று நம்மிடம் இருத்தல் கண்டு செருக்குதலும் வேண்டா. இரண்டையும் அருகருகே வைத்து, ஒவ்வொன்றும் தன் தொழிலை எவ்வாறு முடிக்கின்றது என்று பொறுமையோடு நோக்குதலே கற்றவர் கடன். கால்டுவெல் ஐயர் மொழிகளிடத்துக் காட்டிய அப்பொறுமையை நாம் மக்களிடத்தும் காட்டுவோமாயின், அவர் தவறிய இடத்திலும் நாம் தவறோம்.