சமையலறை மேசையில் பிறந்த இருதயப் பலூன்: டாக்டர் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக்

நம் குடும்பங்களில் யாருக்காவது நெஞ்சு வலி வந்து, மருத்துவமனையில் சில நாள் வைத்திருந்து அனுப்பினால், விசாரிக்க வருகிறவர்களிடம் வீட்டார் சொல்வது பெரும்பாலும் ஒரே வரிதான். பலூன் போட்டாயிற்று, இப்போது பரவாயில்லை என்பார்கள். தோட்டத்து மக்களுக்கும் பட்டணத்து மக்களுக்கும் பழகிப்போன பேச்சு அது. அந்தப் பலூனை, விழித்திருக்கும் ஒரு மனிதரின் இருதய ரத்தக் குழாய்க்குள் முதன்முதலில் கொண்டு சென்றவர் டாக்டர் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக் என்ற ஜெர்மானியர். அதைச் செய்தபோது அவருக்கு வயது 38. இறந்தபோது 46.

1939 ஜூன் 25-ஆம் தேதி ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பிறந்தார். அவர் பிறந்த சில வாரங்களிலேயே இரண்டாம் உலகப் போர் மூண்டது. அறிவியல் ஆசிரியரான தந்தை போருக்குப் போனவர், திரும்பி வரவில்லை. தாயார்தான் இரு மகன்களையும் ஆளாக்கினார். போருக்குப் பின் பிழைப்புத் தேடி அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் வரை கப்பலேறிய குடும்பம், இரண்டு ஆண்டுகளில் லைப்சிக் நகருக்கே திரும்பியது. அது கம்யூனிஸ்டு ஆட்சியிலிருந்த கிழக்கு ஜெர்மனி. 1957-இல் பள்ளிப் படிப்பை முடித்ததும் அண்ணனைப் போலவே இவரும் மேற்குப் பக்கம் போய்ச் சேர்ந்தார். ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் படித்து 1964-இல் மருத்துவரானார். 1969-இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் பல்கலைக்கழக மருத்துவமனையில் சேர்ந்தார்.

அவருக்கு முன்பே இந்தப் பாதையில் இருவர் நடந்திருந்தார்கள். அவர்களைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது நியாயமாகாது.

முதலாமவர் வெர்னர் ஃபோர்ஸ்மன். 1929-இல், ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே என்ற சிறு ஊரின் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக இருந்தவர். தன் கை நரம்பைத் தானே கீறி, ஒரு மெல்லிய ரப்பர் குழாயை இருதயம் வரை செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போய்ப் படம் எடுத்துக் காட்டினார். பாராட்டுக்குப் பதில் அவருக்குக் கிடைத்தது ஏச்சும் ஏளனமும்தான். இருதயத் துறையை விட்டே விலகினார். அவர் வழியைத் தொடர்ந்த இரு அமெரிக்க ஆய்வாளர்களுடன் சேர்த்து 1956-இல் அவருக்கு நோபல் பரிசு தரப்பட்டது.

இரண்டாமவர் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகர எக்ஸ்ரே மருத்துவர் சார்ல்ஸ் டாட்டர். 1964 ஜனவரியில் 82 வயது மூதாட்டி ஒருவர் அவரிடம் வந்தார். கால் விரல்கள் அழுகிப்போயிருந்தன. காலை எடுக்க வேண்டும் என்றார்கள் அறுவை மருத்துவர்கள், மூதாட்டி சம்மதிக்கவில்லை. அடைபட்ட தொடைக் குழாய்க்குள் டாட்டர் முதலில் மெல்லிய குழாயையும், அதன்மேல் தடித்த குழாயையும் செலுத்தி வழி உண்டாக்கினார். கால் பிழைத்தது. இறக்கும் வரை, ஏறக்குறைய மூன்று ஆண்டுகள், அந்த அம்மாள் தன் காலில்தான் நடந்தார். ஆனாலும் அமெரிக்க மருத்துவர்களில் பெரும்பாலோர் இந்த முறையை ஏற்கவில்லை. ஜெர்மனியில் எபர்ஹார்ட் சைட்லர் என்ற மருத்துவர் ஏற்றார். அவரிடம் போய்க் கற்றுக்கொண்டவர்தான் நம் குரூன்ட்சிக்.

டாட்டரின் முறையில் ஒரு சிக்கல் இருந்தது. எவ்வளவு அகலம் வேண்டுமோ அவ்வளவு தடித்த குழாயைத் தொடை வழியாக நுழைத்தாக வேண்டும். காலுக்குச் சரி, இருதயக் குழாய்க்கு நடக்காது. உள்ளே போகும்போது ஒல்லியாகவும், போன பிறகு பருமனாகவும் இருக்கும் ஒன்று தேவை. பலூன் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வந்தது. எண்ணம் சுலபம், பொருள்தான் கிடைக்கவில்லை.

ரப்பர் பலூன் ஏன் உதவாது என்பது பால்மரம் வெட்டிய குடும்பத்தாருக்குச் சொல்லாமலே விளங்கும். ரப்பர் இளகிய பக்கம்தான் போகும். குழாயில் கொழுப்புக் கட்டி இறுகிய இடத்தில் ரப்பர் பலூனை ஊதினால், இறுகிய இடத்தை விட்டுவிட்டு அதற்கு முன்னும் பின்னும் புடைத்துக்கொள்ளும். நடுவில் உடுக்கையின் இடுப்பு போல ஒடுங்கியே நிற்கும். அடைப்பு அப்படியே இருக்கும், நல்ல பகுதிதான் கிழியும். பலூனுக்கு மேல் பட்டு நூல் வலை சுற்றிப் பார்த்தார். குழாய் தடித்துப் போனது.

ஓய்வு பெற்ற வேதியியல் பேராசிரியர் ஹைன்ரிக் ஹோப்ஃபைத் தேடிப் போனார். பி.வி.சி. பிளாஸ்டிக்கை முயன்று பார்க்கும்படி அவர் வழி காட்டினார். தண்ணீர்க் குழாய்க்கும் மின்கம்பி உறைக்கும் பயன்படும் அதே வகைப் பொருள். சூடாக்கி, காற்றழுத்தம் கொடுத்து, ஓர் அளவுக்கு உருவாக்கிவிட்டால் அதற்கு மேல் அது பருக்காது. இறுகிய இடத்தை நெட்டித் தள்ளும். அளவு தாண்டி விரிந்து குழாயைக் கிழிக்காது. குரூன்ட்சிக்கின் கண்டுபிடிப்பின் உயிர்நாடி இதுதான் என்பேன். ஊதத் தெரிந்த பலூன் பலரிடம் இருந்தது, ஓர் அளவில் நிற்கத் தெரிந்த பலூன்தான் இல்லாமல் இருந்தது.

இதற்கெல்லாம் ஆய்வுக்கூடம் எது? அவர் வீட்டுச் சமையலறைதான். பகலில் மருத்துவமனை வேலை, இரவில் சமையலறை மேசை. உதவியாளர் மரியா ஷ்லும்ப், அவருடைய கணவர், குரூன்ட்சிக்கின் மனைவி மிகாயேலா என்று எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, பிளாஸ்டிக் குழாயை வெட்டுவதும் சூடாக்குவதும் பசை ஒட்டுவதும் நூல் கட்டுவதுமாக இருந்தார்கள். 1974 பிப்ரவரியில் அந்தப் பலூன் ஒரு நோயாளியின் கால் குழாயை வெற்றிகரமாக விரித்தது.

பிறகு இருதயத்துக்கு ஏற்றபடி இரட்டைத் துளைக் குழாய் செய்தார். ஒரு துளை பலூனை ஊத. மற்றது அடைப்புக்கு முன்னும் பின்னும் ரத்த அழுத்தத்தை அளக்கவும், எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்தவும். நாய்களின் இருதயக் குழாயைச் செயற்கையாகச் சுருக்கி, அதைப் பலூனால் விரித்துப் பார்த்தார். 1976-இல் அமெரிக்காவின் மயாமியில் நடந்த இருதய மருத்துவர் மாநாட்டில் அந்த முடிவுகளை வைத்தார். பார்த்தவர்களில் பலர் நம்பவில்லை. நம்பிய சிலரில் ஒருவர் சான் பிரான்சிஸ்கோவின் ரிச்சர்ட் மைலர். 1977 மே மாதத்தில் அங்கே, பைபாஸ் அறுவைக்காக நெஞ்சு திறந்திருந்த நோயாளிகளிடம் இருவரும் சேர்ந்து பலூனைச் சோதித்தார்கள். நொறுங்கிய கொழுப்புத் துண்டுகள் ரத்தத்தோடு ஓடி வேறிடத்தில் அடைத்துக்கொள்ளுமோ என்பதுதான் பெரிய பயம். குழாயைக் கழுவிப் பார்த்தார்கள். துண்டுகள் வரவில்லை.

1977 செப்டம்பர் 16, வெள்ளிக்கிழமை. சூரிக் மருத்துவமனை. மேசையில் படுத்திருந்தவர் காப்புறுதி விற்கும் ஓர் ஆடவர். அவருக்கும் வயது 38, மருத்துவரின் வயதேதான். இருதயத்தின் முன்பக்கத்துக்கு ரத்தம் கொண்டு போகும் முக்கியக் குழாயில் சின்ன அடைப்பு, 3 மில்லிமீட்டர் நீளம்தான். ஆனால் இடம் மோசமான இடம். அந்தக் காலத்தில் அதற்கு நெஞ்சைப் பிளந்து செய்யும் பைபாஸ்தான் வழி. இதுவரை யாருக்கும் செய்ததில்லை என்பதை ஒளிக்காமல் அவரிடம் சொன்னார்கள். அவர் சம்மதித்தார்.

தலைமை அறுவை மருத்துவர் ஆக்கே சென்னிங் தன் குழுவைத் தயார் நிலையில் வைத்திருந்தார். 1958-இல் உலகிலேயே முதன்முதலாக ஒரு மனித உடலுக்குள் பேஸ்மேக்கர் பொருத்தியவர் அவர். பலூன் வென்றால் தன் துறைக்கு நோயாளிகள் குறையலாம் என்று தெரிந்தும் குரூன்ட்சிக்குக்குத் துணை நின்றார். எல்லா இடத்திலும் இது நடக்கிற காரியம் இல்லை.

தொடை வழியாகக் குழாய் ஏறியது. பலூன் ஊதும் நேரத்தில் அந்தக் குழாயில் ரத்த ஓட்டம் முழுக்க நின்றுவிடும். இருதயம் துடிப்பு தவறலாம், நின்றும் போகலாம். தேவைப்பட்டால் குழாய் வழியே ரத்தம் செலுத்தவும் ஏற்பாடு செய்திருந்தார்கள். பலூனை ஊதினார், சுருக்கினார். மறுபடி ஊதினார். நோயாளிக்கு நெஞ்சு வலி வரவில்லை, துடிப்பும் தவறவில்லை. அடைப்புக்கு இப்பாலும் அப்பாலும் ரத்த அழுத்தம் ஏறக்குறைய ஒன்றாகியிருந்தது. இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று அறையில் இருந்தவர்களுக்கே வியப்பு.

அதே ஆண்டு நவம்பரில் மயாமி மாநாட்டில் நான்கு நோயாளிகளின் விவரத்தைச் சொன்னார். ஓராண்டுக்கு முன் தலையாட்டி நகர்ந்தவர்கள் இப்போது கைதட்டினார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு அந்த மனிதரைக் கூடுதலாகப் பிடிக்கிறது. கைதட்டலில் மயங்கி, எல்லா அடைப்புக்கும் இதுவே மருந்து என்று அவர் கிளம்பவில்லை. முதல் 50 நோயாளிகளின் கணக்கை 1979-இல் வெளியிட்டார். 32 பேருக்குப் பலித்தது. 5 பேரை அவசரமாக அறுவைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. இரண்டையும் மறைக்காமல் எழுதினார். பைபாஸ் தேவைப்படுவோரில் 10 முதல் 15 விழுக்காட்டினருக்கே இம்முறை பொருந்தும் என்று தன் பலூனுக்குத் தானே எல்லை போட்டார். 1978 முதல் சூரிக்கில் மற்ற மருத்துவர்களை அழைத்து, தான் செய்வதைத் தொலைக்காட்சித் திரையில் நேரடியாகக் காட்டினார். தவறிப்போனாலும் அதையும் அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். உலகெங்கும் இன்று நடக்கும் நேரடிச் செய்முறைப் பயிற்சிக்கு அதுவே முன்னோடி.

சூரிக்கில் அவருக்குக் கிடைத்த கட்டிலும் நேரமும் போதவில்லை. மொத்தம் 169 நோயாளிகளுக்குச் செய்த பிறகு, 1980-இல் அமெரிக்காவின் அட்லாண்டாவுக்கு, எமோரி பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே பணிக்குக் குறைவில்லை. ஒரு நாள் வேலை முடிந்ததும் தானே மேசையில் ஏறிப் படுத்து, சக மருத்துவரைக் கொண்டு தன் இருதயத்தைக் குழாய் விட்டுப் படம் பிடிக்கச் செய்து, அன்று மாலையே விருந்துக்கும் போய்வந்தார். ஃபோர்ஸ்மனின் வாரிசு என்பதை இப்படியும் காட்டிக்கொண்டார்.

விரித்த குழாய் சில மாதங்களில் மறுபடி சுருங்குவது அவரை வாட்டிய பிரச்சினை. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அப்படி ஆனது. அதற்கு விடையாக வந்த ஸ்டென்ட் என்னும் கம்பி வலைச் சுருளை 1986-இல் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் முதன்முதலில் மனிதர்களுக்கு வைத்தார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை.

சொந்த விமானம் ஓட்டுவதில் அவருக்குப் பெரும் ஆசை. 1985 அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை, ஜார்ஜியா மாநிலக் கடற்கரையிலிருந்து அட்லாண்டாவுக்குத் தன் சிறு விமானத்தை ஓட்டி வந்தார். உடன் அவருடைய இரண்டாவது மனைவி, இளம் மருத்துவர். வானிலை மோசமாக இருந்தது. ஃபோர்சைத் என்ற ஊருக்கருகே விமானம் விழுந்து இருவரும் இறந்தார்கள். அறைக்குள் ஒவ்வொரு மில்லிமீட்டரையும் அளந்து நகர்ந்த கை, அன்று காத்திருக்க மறுத்தது ஏனோ. டாட்டர் அதே ஆண்டு பிப்ரவரியில்தான் இறந்திருந்தார். இருதயக் குழாய்களைப் படம் பிடிக்க வழி கண்ட மேசன் சோன்ஸ் ஆகஸ்டில் மறைந்தார். ஒரே ஆண்டில் அந்தத் துறை தன் முன்னோர் மூவரை இழந்தது.

செப்டம்பர் 1977-இல் சூரிக்கில் மேசையில் படுத்த அந்த முதல் நோயாளி, பத்து ஆண்டுகள் கழித்து 1987-இல் அட்லாண்டாவுக்கு வந்தார். குரூன்ட்சிக் பணியாற்றிய அதே மருத்துவமனையில் அவருக்கு மறுபடி படம் எடுத்தார்கள். பலூன் விரித்த இடம் திறந்தே இருந்தது. 23 ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோதும் அப்படியேதான் இருந்தது.